சிறுகச் சேர்க்கும் சூரிய மின்சாரம்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கணியம்பாடியில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

கல்விச் சங்கத்தின் மேடையில் மின்சாரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எங்களுக்கு அந்த ஐயம் இல்லை. நம் இரவுப் பாடசாலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாராயினும் அதைப் பாதிக்கு மேல் விளக்கின் வரலாறாகவே எழுத நேரும். மண்ணெண்ணெய் அரிக்கேனைச் சுற்றி அமர்ந்து படித்த தலைமுறை இந்த அரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது. அதன் பின் 2012ஆம் ஆண்டின் கொடிய மின்வெட்டு வந்தது. சென்னைக்கு வெளியே நாளின் பாதி நேரம்கூட மின்சாரம் இல்லாதிருந்த மாதங்கள் அவை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தெருவிளக்கும் இல்லாத தெருவில், அலைபேசியின் சிறு வெளிச்சத்தில் கணக்குப் போட்டதை நாம் கண்ணால் கண்டோம். அந்த ஆண்டில்தான் நம் சங்கம் சூரிய மின்சாரத்தைப் பற்றி முதன்முதலாகச் சிந்தித்தது. சிந்தித்தது சரி, செய்தது தவறு. அந்தத் தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நன்கொடையாகத் திரட்டிய தொகை முழுவதையும் ஒரே நாளில் ஒரு வணிகரிடம் கொடுத்தோம். பெரிய இன்வெர்ட்டர் ஒன்று, அதற்கேற்ற கனமான பேட்டரிகள், கூரைமேல் பேனல்கள் என்று அனைத்தும் ஒருசேர வந்து இறங்கின. மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம். ஏழெட்டு மாதம் நன்றாகவே எரிந்தது. பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பேட்டரிகள் செத்தன. புதிய பேட்டரிகள் வாங்க முதல் தொகையில் பாதிக்கு மேல் வேண்டியிருந்தது. அவ்வளவு பணத்தை மீண்டும் யாரிடம் சென்று கேட்பது? இன்வெர்ட்டரின் மேல் சாக்கட்டிப் பெட்டியை வைத்தார்கள். நாளடைவில் அது வருகைப் பதிவேடு வைக்கும் மேசையாயிற்று.

ஆனால் கூரைமேல் இருந்த பேனல்களுக்கு எந்தக் கேடும் நேரவில்லை. சில ஆண்டுகள் கழித்து நம் பிள்ளைகளுள் ஒருவர், ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவு படித்தவர், அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, சிறிய சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றும் சிறிய பேட்டரி ஒன்றும் சேர்த்து, நான்கு எல்.இ.டி. விளக்குகளை எரியவைத்தார். அந்த நான்கு விளக்குகளும் இன்றுவரை நின்றதில்லை. பெரியது வீழ்ந்த இடத்தில் சிறியது நின்றது. இன்றைய உரையில் நாங்கள் சொல்ல வந்தவை யாவும் அந்த நான்கு விளக்குகளிலிருந்து பிறந்தவையே.

ஒளிக்கும் நம் மக்களுக்கும் உள்ள தொடர்பு பழையது, கசப்பானதும்கூட. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு சென்றனர். ஆசியாவில் அந்நாளில் அது வியப்புக்குரிய செயல். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே 1905இல்தான். அந்தத் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கிப் பாறை உடைத்தவர்கள் யார்? அவர்களுள் மிகப் பலர் பழைய வடாற்காடு மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் பாட்டன்மார், முப்பாட்டன்மார். மின்சாரத்தின் ஆற்றலை நாட்டில் மற்றவர்க்கு முன்னரே அறிந்த உழைப்பாளிகள் அவர்கள். எனினும் அவர்கள் விட்டுச்சென்ற சேரிகளுக்கு அந்த ஒளி வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நம் மூத்தோரைக் கேட்டால் தெரியும். ஊர்த்தெருவில் கம்பம் நட்டு நெடுநாள் கழிந்த பின்னரே காலனிக்கு வந்தது. வந்தபோதும் குடிசைக்கு ஒரு விளக்கு என்ற அளவில் வந்தது.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டம் வகுத்தவராக நாம் போற்றுகிறோம். அவர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரத்தின் எதிர்காலமும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. 1943 அக்டோபரில், போருக்குப் பிந்தைய மின் வளர்ச்சி குறித்துக் கூடிய குழுவில் அவர் ஆற்றிய உரையை நம் இளைஞர்கள் தேடிப் படித்தல் வேண்டும். மின்சாரம் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டுமா, தனியார் கையில் இருத்தல் வேண்டுமா என்ற வினாவை அவர் அங்கே எழுப்பினார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைத்தாலன்றித் தொழில் வளராது, தொழில் வளர்ந்தாலன்றி வறுமைச் சுழலிலிருந்து மக்கள் மீள இயலாது என்பதே அவர் கருத்து. மலிவாகவும் தாராளமாகவும் என்ற அந்த இரண்டு சொற்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு நம் வீட்டுக் கூரைக்கு வருவோம்.

இன்று சூரிய மின்சாரம் மலிந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான். 1970களின் நடுவில் ஒரு வாட் திறனுள்ள பேனலின் விலை, இன்றைய பண மதிப்பில் கணக்கிட்டால், நூறு டாலரை ஒட்டியிருந்தது. இன்று அது ஒரு டாலரில் சிறு பகுதியே. நம் நாட்டில் சூரிய மின்கருவிகளுக்கு 12 விழுக்காடாக இருந்த சரக்கு, சேவை வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைத்துள்ளனர். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஒரு கோடி வீடுகளுக்கென்று பிரதமரின் சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்பது அதன் மானிய அளவு. இவையெல்லாம் நல்ல செய்திகளே. ஆயினும் இவற்றை நம் காலனியின் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. அதற்கு மேல் சிறிது செலவழிக்கும் வீட்டுக்கும் கட்டணம் சிறு தொகையே. ஒரு கிலோவாட் பேனல் நம் பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் செலவழிக்கும் ஒரு தோல் தொழிலாளியின் வீட்டில் இதைப் பொருத்தினால் அவருக்கு மிச்சமாவது என்ன? மேலே உள்ள 50 யூனிட்டுக்கான தொகை மட்டுமே. மாறாக, 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே மாறிப் பில் ஏறிவிடும் வீடுகள் உண்டு. குளிரூட்டியும் நீர் சூடேற்றியும் உள்ள மாடி வீட்டுக்காரருக்கு அதே ஒரு கிலோவாட் ஆயிரக்கணக்கில் மிச்சம் தருகிறது. ஆக, மானியம் அனைவருக்கும் பொது. பயன் மாடிக்குத் தனி. இதைக் குறைகூறுவதற்காக நாங்கள் சொல்லவில்லை. கணக்குத் தெரியாமல் கடன் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். நம்முள் வளர்ந்து, குளிர்பெட்டியும் மோட்டாரும் வைத்து 400, 500 யூனிட் எட்டியுள்ள குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு அத்திட்டம் மிகவும் பொருந்தும். அவர்கள் தயங்க வேண்டுவதில்லை.

இன்னொன்றையும் பலர் அறியார். அத்திட்டத்தில் பெரும்பாலும் பொருத்தப்படும் பேட்டரியில்லா அமைப்பு, மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நடுப்பகல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பேனலும் கூரைமேல் இருக்கும். கீழே மின்விசிறி சுற்றாது. பழுது அல்ல, வேண்டுமென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின் ஊழியர், வாரியம் மின்சாரத்தை நிறுத்திவிட்டது என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறார். நம் வீட்டுப் பேனல் அப்போது கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் அவர் உயிர் போய்விடும். ஆகவே பில் குறைய வேண்டுமா, மின்வெட்டில் விளக்கு எரிய வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். இரண்டும் வெவ்வேறு தேவைகள். அவற்றுக்கான கருவிகளும் வெவ்வேறு.

நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவதே தேவை. படிக்கும் பிள்ளைக்கு மாலை ஏழு மணி முதல் பத்து மணிவரை நில்லாத வெளிச்சம். மே மாதத்தில் வேலூர்ப் பகுதி கொதிக்கும்போது கைக்குழந்தைக்கும் முதியோருக்கும் நில்லாத காற்று. ஆம்பூர்ப் பக்கம் காலணியின் மேற்பகுதியை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர் உளர். அவர்களுக்குச் சோடிக் கணக்கில்தான் கூலி. வெளிச்சம் போனால் ஊசி நிற்கும். ஊசி நின்றால் கூலி நிற்கும். இந்தத் தேவைகளுக்கு மூன்று கிலோவாட் வேண்டியதில்லை. நூறு வாட் போதும்.

எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 18 வாட். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மின்விசிறி ஒன்று, 30 வாட். அலைபேசிக்கு 10 வாட். ஆகக் கூடி 58 வாட். நான்கு மணி நேரம் இவை ஓடினால் 232 வாட்-மணி. நம் பகுதி வெயிலில் 100 வாட் பேனல் ஒன்று, இழப்புகள் போக, நாளொன்றுக்கு 350 வாட்-மணியாவது தரும். மழை மேகம் மூடிய நாளுக்கும் சற்று மிச்சம் வைக்கலாம். ஆனால் பழைய 60 வாட் குண்டு பல்பும் 75 வாட் பழைய மின்விசிறியும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டால் தொகை மூன்று மடங்குக்கு மேல் ஏறும். ஆதலின் சூரிய மின்சாரத்தின் முதற்படி பேனல் வாங்குவது அன்று. பழைய பல்பையும் விசிறியையும் மாற்றுவதே. அதற்குக் கூரைகூட வேண்டாம். நாளைக் காலையே தொடங்கலாம். வாரியத்தின் பில்லும் அதனாலேயே இறங்கும்.

இரண்டாம் படிதான் ஒரு பேனல், ஒரு கன்ட்ரோலர், ஒரு பேட்டரி. இங்கே நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிறுகச் சேர்ப்பது என்றால் எல்லாவற்றையும் சிறியதாக வாங்குவது என்று பொருள் அல்ல. எதைச் சிறியதாக வாங்கலாம், எதை முதல் நாளே பெரியதாக வாங்க வேண்டும் என்று பிரித்து அறிவதில்தான் சிக்கனம் இருக்கிறது. வீடு கட்டுவோரைப் பாருங்கள். பிற்காலத்தில் மாடி எழுப்ப எண்ணுகிறவர் ஓர் அறைதான் கட்டினாலும் கடைக்காலை ஆழமாகத் தோண்டுகிறார். தூணின் கம்பியை மேலே நீட்டி விடுகிறார். அதுபோல, 10 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்கினால் இரண்டாவது பேனல் வரும் நாளில் அதைக் குப்பையில் போட வேண்டும். 20 ஆம்பியர் வாங்கினால் நூறு வாட் பேனல் இரண்டைத் தாங்கும். விலை வேறுபாடு சிறிதே. கூரைமேல் நிறுத்தும் இரும்புச் சட்டமும் இரண்டு பேனலுக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

கம்பியும் அவ்வாறே. வாரியத்தின் 230 வோல்ட்டில் 60 வாட் கருவிக்குச் செல்லும் மின்னோட்டம் கால் ஆம்பியர்தான். 12 வோல்ட்டில் அதே 60 வாட்டுக்கு 5 ஆம்பியர், இருபது மடங்கு. மெல்லிய கம்பி போட்டால் கம்பி சூடாகும், விளக்கு மங்கும், சில வேளை தீயும் பற்றும். ஆகவே தடித்த கம்பி, குறைந்த தூரம், பேட்டரிக்கு அருகில் ஒரு ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாத பேட்டரியை எந்த வீட்டிலும் பொருத்தக் கூடாது என்பதை நம் சங்கத்தின் விதியாகவே வைத்துக்கொள்வோம். ஓலையும் தார்ப்பாயும் உள்ள வீடுகளில் ஒரு பொறி போதும்.

பேட்டரியைச் சிறுகச் சேர்க்க முடியுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஈய-அமிலப் பேட்டரியோடு புதிய ஒன்றைச் சேர்த்துக் கட்டினால், கிழ மாட்டோடு கன்றைப் பூட்டியது போலாகும். பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். மேலும் ஈய-அமிலப் பேட்டரியின் கொள்ளளவில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்தான் அது நெடுநாள் உழைக்கும். இப்போது பரவிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு விலை கூடுதல். ஆனால் நீர் ஊற்ற வேண்டியதில்லை, பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், ஆயுளும் பல மடங்கு. எங்கள் இரவுப் பாடசாலையில் பட்ட அடியை எண்ணிப் பார்க்கையில், பேனலில் வேண்டுமானால் சிக்கனம் பிடியுங்கள், பேட்டரியில் பிடிக்காதீர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஈய-அமிலம்தான் கைக்கு எட்டும் என்றால் அதையே வாங்கலாம். ஆனால் அன்றே வீட்டில் ஓர் உண்டியல் வைத்து, அடுத்த பேட்டரிக்கென்று வாரந்தோறும் போட்டுவர வேண்டும்.

பேனலைச் சேர்ப்பதில் ஒரு நுட்பம். இரண்டாவது பேனல் முதலாவதன் வோல்ட் வகையையே சேர்ந்திருக்க வேண்டும். இரண்டையும் பக்க இணைப்பாகச் சேர்க்க வேண்டும். வெவ்வேறு அளவுள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் சிறியதன் ஓட்டமே முழுவதன் ஓட்டமாகிவிடும். கூரையோடு ஒட்டிப் படுக்கவைக்காமல் காற்றுக்கு இடம் விடுங்கள். வெயில் வேண்டும், ஆனால் வெப்பம் ஆகாது என்பது பேனலின் குணம். வெப்பம் ஏற ஏற அதன் திறன் இறங்கும். ஆரணிச் சாலையோர வீடுகளில் புழுதி படியும். விடியற்காலையில் ஈரத்துணியால் துடைக்கலாம். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடிக்கு ஆகாது.

சிறிய பேனலில் ஒரு குறை உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வாட்டுக்கு விலை பார்த்தால் பெரிய பேனலைவிடச் சிறியதே அதிகம். மூட்டையாக அரிசி வாங்குகிறவருக்கு ஒரு விலை, ஆழாக்காக வாங்குகிறவருக்கு ஒரு விலை என்பது நாம் காலங்காலமாகக் கண்டது. ஏழைதான் எப்போதும் அதிகம் கொடுக்கிறான். இதற்கு மாற்று, இருபது குடும்பம் சேர்ந்து ஒரே வகையை ஒரே நாளில் வாங்குவது. விலை இறங்குவதோடு, ஒரு வீட்டில் பழுது வந்தால் மற்றொரு வீட்டுப் பொருளை மாட்டிப் பார்த்துப் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவும் இயலும்.

இவ்வாறு சிறுகக் கொடுத்து ஒளி பெற்றவர்கள் உலகில் இலட்சக்கணக்கில் உண்டு. கர்நாடகத்தில் 1995இல் தொடங்கப்பெற்ற செல்கோ நிறுவனம், வீட்டின் தேவையை முதலில் கேட்டறிந்து, அதற்கேற்ற சிறு அமைப்பை வடிவமைத்து, வங்கிக் கடனுக்கும் வழிசெய்து கொடுத்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஹரீஷ் ஹாண்டே 2011இல் மகசேசே விருது பெற்றார். மாதம் 300 ரூபாய் என்றால் தன்னால் இயலாது, நாள் ஒன்றுக்கு 10 ரூபாய் என்றால் இயலும் என்று ஒரு நடைபாதை வியாபாரி தமக்குப் பாடம் கற்பித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே தொகைதானே என்று படித்தவர் சிரிப்பார். வாரக் கூலி வாங்கும் நமக்கு அதன் பொருள் உடனே விளங்கும். இலங்கையில் 1997 முதல் உலக வங்கியின் உதவியோடு நடந்த திட்டங்களில், சர்வோதய இயக்கத்தின் கடன் அமைப்பான சீட்ஸ் கிராமத்து வீடுகளுக்குத் தவணையில் சூரிய விளக்கு அமைப்புகளை அளித்தது. அத்திட்டங்களால் ஒளி பெற்ற வீடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். வங்காள தேசத்தில் 2003இல் தொடங்கிய திட்டத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், சிறு முன்பணமும் மாதத் தவணையுமாகப் பெற்றன.

இந்நாடுகளில் பின்னர் நடந்ததையும் அறிதல் நலம். வாரியத்தின் கம்பி ஊருக்கு வந்து சேர்ந்ததும் பல வீடுகளில் சூரிய அமைப்புகள் கேட்பாரற்றுப் போயின, தவணைகளும் நின்றன. நம் நிலை வேறு. நம்மிடம் கம்பி முன்னரே இருக்கிறது. அதற்குப் போட்டியாக அன்று, துணையாகவே இதை வைக்கிறோம். ஆகவே வாரியம் தரும் இலவச யூனிட்டை விட்டுவிட்டுப் பேட்டரியைத் தேய்ப்பது அறிவுடைமை ஆகாது.

நம் மாநிலத்திலும் இவ்வழியில் முயற்சிகள் நடந்துள்ளன. 2011இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் சேர்ந்தே வந்தன. வீட்டையும் விளக்கையும் ஒன்றாக எண்ணிய அந்த எண்ணம் பாராட்டத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், இன்வெர்ட்டரே இல்லாமல் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் விளக்கும் விசிறியும் இயங்கும் அமைப்பை உருவாக்கினர். ராஜஸ்தானத்துப் பாலைவனக் கிராமங்களில் 125 வாட் பேனல் ஒன்றைக் கொண்டே ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அவர்கள் ஒளி தந்தனர். பேனல் தருவதும் நேர்மின்னோட்டம், எல்.இ.டி. விளக்கு உண்பதும் நேர்மின்னோட்டம். இடையில் ஏன் இருமுறை மாற்றி வீணாக்க வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. எளிய கேள்விதான்.

செருமனி நாட்டில் மாடி முகப்பின் கைப்பிடியில் ஓரிரு பேனலைத் தொங்கவிட்டு, அதன் கம்பியை வீட்டுச் சுவரின் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். 800 வாட் வரை அங்கே 2024இன் சட்டம் இடமளிக்கிறது; பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. வாடகை வீட்டாருக்கும் இயல்கிறது என்பதே அதன் சிறப்பு. இதன் காணொளிகளைப் பார்த்து நம் இளைஞர் இருவர் இங்கேயும் அவ்வாறு செய்யலாமா என்று கேட்டார்கள். கூடாது. வாரியத்தின் அனுமதியின்றி அதன் கம்பிக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதற்கு நம் நாட்டில் இடமில்லை. நம் வீட்டு மீட்டர்கள் பலவும் வெளியே செல்லும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே எண்ணிவிடும். மின் ஊழியரின் உயிரைப் பற்றி முன்னரே சொன்னோம். அவர்களுள்ளும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனிக் கூரை. பேனல் வைக்கக் கூரை வேண்டும். கூரைக்குக் கீழ் உள்ள நிலத்துக்குப் பட்டா வேண்டும். நம் தொகுப்பு வீடுகள் பலவற்றில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அந்தத் தளத்தில் துளையிட்டுச் சட்டம் பொருத்தினால் மழைநீர் உள்ளே இறங்கும். அங்கெல்லாம் துளையிடாமல், சிமெண்டுக் கட்டையின் பளுவில் நிற்கும் சட்டமே தகும். சிறிய பேனலின் பெருமை இங்கேதான். வீடு மாறினால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை வீட்டிலும் வைக்கலாம். புதிய வீடு கட்டினால் அங்கே ஏற்றலாம். அரசின் மானியத் திட்டத்துக்கோ மின் இணைப்பும் வீட்டுரிமையும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். நம் வீடுகளில் பட்டா பாட்டனார் பெயரிலும், மின் இணைப்பு இறந்துபோன தந்தையார் பெயரிலும், குடியிருப்பது மூன்று அண்ணன் தம்பிகளுமாக இருக்கிறது. இதைச் சீர்செய்வதற்குச் சூரியன் வரை போக வேண்டியதில்லை. தாலுகா அலுவலகமும் மின்வாரிய அலுவலகமும் போதும். ஆனால் யாரேனும் ஒருவர் போக வேண்டும், பலமுறை போக வேண்டும். கல்லூரி சென்ற பிள்ளைகள் கோடை விடுமுறையில் தெருவுக்கு இருவராக இந்த வேலையை எடுத்துக்கொண்டால், அதைவிடப் பெரிய வெள்ளி விழாக் கொண்டாட்டம் எங்களுக்கு வேண்டாம்.

பணத்துக்கு வருகிறோம். நம் தாய்மார்களுக்குச் சிறுகச் சேர்ப்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம் காலனிகளிலும் வேரூன்றியுள்ளன. இருபது குடும்பம், வாரம் நூறு ரூபாய் என்றால் மாதம் 8,000 ரூபாய் சேரும். அத்தொகையைக் கொண்டு ஒரு வீட்டுக்கு இரண்டாம் படியை அமைக்க ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். வாங்கும் பேட்டரியைப் பொறுத்தது. அப்படியானால் இருபதாவது வீட்டுக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகிவிடுமே என்று செயற்குழுவில் ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் அதற்கு முழு விடை கண்டுவிட்டோம் என்று சொல்லமாட்டோம். சங்கத்தின் வெள்ளி விழா நிதியிலிருந்து ஒரு பகுதியைச் சுழல்நிதியாக வைத்து, முதல் ஆண்டிலேயே பாதி வீடுகளுக்கு முன்கூட்டிக் கொடுப்பது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம். குலுக்கல் வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அதை ஏற்கவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடு முதலில், வீட்டில் தைத்துப் பிழைக்கும் பெண் உள்ள வீடு அடுத்து, அதன்பின் மற்றவர்கள். செயற்குழு உறுப்பினர் வீடுகள் கடைசியில்.

இளைஞர்களுக்கு இதில் ஒரு தொழிலும் இருக்கிறது. ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சி, பேனல் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுத் தருவதற்கென்றே ஏற்பட்டது. சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் கொண்டுவந்தது. நாம் இன்றுவரை தோலின் ஈரத்திலும் இரசாயனத்திலும் நின்று பிறருக்குச் செல்வம் சேர்த்துக் கொடுத்தோம். பாலாறு என்ன ஆயிற்று, நம் கிணற்று நீர் என்ன ஆயிற்று என்பதை 1996இல் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. அந்த வேலையை விட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வீட்டின் கூரைமேலும் நம் பிள்ளை ஏறப் போகிறான். கூரைமேல் ஏற விடுவார்களா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது எங்கள் காதில் விழுகிறது. விளக்கு எரியாத அன்று கூப்பிடுவார்கள், ஐயா.

முதல் இருபது வீடுகளுக்கான பதிவேடு இன்று மாலை இரவுப் பாடசாலையில் திறக்கப்படுகிறது. அந்தப் பழைய இன்வெர்ட்டர் மேசையின் மீதுதான் இருக்கும். பெயர் கொடுக்க வருவோர் மின் இணைப்பு அட்டையையும், வீட்டில் எத்தனை பல்பு, எத்தனை விசிறி, ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுவர வேண்டும். எழுதத் தெரியாத மூத்தோருக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து எழுதிக் கொடுப்பார்கள். பேனலையும் பேட்டரியையும் கழற்றி மாட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், கூரைமேல் வரலாம்.